தபால் கூப்பன் முதல் செல்போன் ஆப் வரை

தபால் ஆபீஸ் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன் நான். அருப்புக்கோட்டை, திருச்சுழி, கடைசியில் சொந்த ஊர் நரிக்குடி. பணத்தைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு அளவுகோல் உண்டு. போட்ட பணம் இரட்டிப்பாக எத்தனை மாதம் ஆகும் என்பதுதான் அது.

1988 ஏப்ரலில் கிசான் விகாஸ் பத்திரம் வந்தபோது ஐந்தரை வருஷத்தில் இரட்டிப்பு. அதாவது 66 மாதம். மிளகாயும் மல்லியும் பருத்தியும் விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு வருவார்கள். "ஐயா, நெசமாவே ரெண்டு மடங்கு குடுப்பாகளா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் பத்திரம் வாங்குவார்கள். மழை பொய்த்தால் கண்மாய் காயும். கண்மாய் காய்ந்த வருஷத்தில் அந்தப் பத்திரம்தான் பல வீடுகளுக்குச் சோறு போட்டது. 2011-ல் அதை நிறுத்தினார்கள். 2014-ல் திரும்பக் கொண்டு வந்தபோது 100 மாதம் என்றார்கள். 2023-ல் ஏழரை சதவீத வட்டி வைத்து 115 மாதம் என்று ஆனது. இந்திய அரசாங்கமே பொறுப்பேற்று நிற்கிற பத்திரத்தின் வேகம் இவ்வளவுதான்.

(வாய்க்கணக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். ஏழரையால் வகுத்துப் பாருங்கள், ஒன்பதரை வருஷம் சொச்சம் வரும்.)

இப்போது நம் வயதுக்காரர்களின் செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறது. பங்குச் சந்தையில் ஆன்லைன் டிரேடிங், தினம் 1 சதவீதம் லாபம் உறுதி என்று. ஒரு சதவீதம் என்றால் கேட்கச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. சந்தை வருஷத்தில் சுமார் 250 நாள் நடக்கும். லாபத்தை எடுக்காமல் அதிலேயே விட்டு வைத்தால் தினம் ஒரு சதவீதம் என்பது ஒரே வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு. நாலு வருஷம் விட்டு வைத்தால் ஒரு லட்சம் ரூபாய் 209 கோடி ஆகிவிடும். இந்த வித்தை தெரிந்தவன் எதற்காக நரிக்குடியில் பென்ஷன் வாங்குகிறவனின் ஐம்பதாயிரத்தைத் தேடி வருகிறான்?

கணக்குத் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பழைய கதை அப்படிச் சொல்லவில்லை. நம் மாகாணத்தில் இதற்கு முதல் பெரிய சாட்சி 1906-ல் சென்னையில் கிடைத்தது.

அர்பத்நாட் கம்பெனி என்று ஒரு வெள்ளைக்காரர் நிறுவனம். சென்னையில் அதற்கு ஏறத்தாழ நூறு வருஷப் பாரம்பரியம். ஜமீன்தார், வக்கீல், பென்ஷன் வாங்கிய உத்தியோகஸ்தர், கணவனை இழந்த பெண் என்று பலரும் பணத்தை அங்கேதான் போட்டு வைத்திருந்தார்கள். நடத்தியவர் சர் பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட். அவரை யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் லண்டனில் அவர்களுடைய ஏஜென்சியைக் கவனித்த பேட்ரிக் மக்ஃபேடியன் என்பவர் அங்கே பணத்தைச் சூதாட்டம் மாதிரியான வியாபாரங்களில் இறைத்துக்கொண்டிருந்தார். 1906 அக்டோபரில் அவர் லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிரை விட்டார். அதை ஒட்டியே அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் கதவைச் சாத்தியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. மறு வருஷம் சர் ஜார்ஜுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. முதலீட்டாளர்கள் பக்கம் நின்று வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், நம் ஆட்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று முன்னால் நின்றார். அப்படிப் பிறந்ததுதான் 1907-ல் இந்தியன் வங்கி. அந்த வங்கிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மோசடியின் சாம்பலில் முளைத்தது என்று தெரியுமோ!

அர்பத்நாட்டில் பணம் போட்டவர்கள் படிக்காதவர்கள் இல்லை. அவர்களிடம் ரசீது இருந்தது, கணக்குத்தாள் இருந்தது, வட்டியும் ஒழுங்காக வந்தது. ஆனால் அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவர் யார்? பணத்தை வாங்கியவரேதான். வேறு ஒரு கை அந்தக் கணக்கைச் சரிபார்க்கவில்லை. நான் சொல்ல வருவது மொத்தமும் இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. தபால் சேமிப்பில் உங்கள் பாஸ்புக் ஒன்று, அலுவலகத்து லெட்ஜர் இன்னொன்று. இரண்டையும் ஒத்துப் பார்க்க மூன்றாவதாக ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். வாடிக்கையாளரைக் கூப்பிட்டு "பாஸ்புக்கைக் காட்டுங்க" என்று அவர் கேட்கும்போது சிலர் கோபித்துக்கொள்வார்கள். அந்தத் தொந்தரவுதான் உங்கள் பணத்துக்குக் காவல்.

அடுத்த கதை எங்கள் துறைக்கே சம்பந்தப்பட்டது. அதனால் கொஞ்சம் ஆசையாகவே சொல்கிறேன். அர்பத்நாட் கவிழ்ந்த அதே 1906-ல் ரோமில் உலகத் தபால் சங்கத்தின் மாநாடு நடந்தது. அங்கேதான் சர்வதேசப் பதில் கூப்பன் என்ற ஏற்பாடு பிறந்தது. வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், பதில் போட அவருக்குச் செலவு வைக்கக் கூடாது. உங்கள் ஊர் ஸ்டாம்ப்பை வைத்து அனுப்பினால் அங்கே செல்லாது. அதற்குப் பதில் இந்தக் கூப்பனை வைத்து அனுப்பலாம். அவர் தன் ஊர்த் தபால் ஆபீஸில் கொடுத்தால் பதில் கடிதத்துக்கு வேண்டிய ஸ்டாம்ப்பைக் கொடுப்பார்கள். நல்ல மனசோடு செய்த ஏற்பாடு.

முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் நாணய மதிப்பு இறங்கிவிட்டது. கூப்பனின் விலை மட்டும் பழைய கணக்கிலேயே இருந்தது. அங்கே மலிவாக வாங்கி அமெரிக்காவில் மாற்றினால் லாபம் வரும் என்று பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தார். கண்டுபிடிப்பு பொய் இல்லை. காகிதத்தில் அந்த லாபம் உண்மைதான். 1920 தொடக்கத்தில் அவர் ஊராரிடம் பணம் வாங்க ஆரம்பித்தார். 90 நாளில் 50 சதவீத லாபம் என்று வாக்குக் கொடுத்து 45 நாளிலேயே கொடுத்தும் காட்டினார். சொன்ன தேதிக்கு முன்பே பணம் வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்! வாங்கியவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, அங்கேயே திரும்பப் போட்டார்கள். போலீஸ்காரர்கள்கூடப் போட்டார்கள்.

பாஸ்டன் போஸ்ட் பத்திரிகை தோண்ட ஆரம்பித்தது. கிளாரன்ஸ் பாரன் என்ற பொருளாதாரப் பத்திரிகையாளர் ஒரு சின்னக் கணக்குப் போட்டார். போன்ஸி வாங்கிய பணத்துக்கு வியாபாரம் நடந்திருந்தால் 16 கோடி கூப்பன்கள் புழங்கியிருக்க வேண்டும். உண்மையில் புழக்கத்தில் இருந்தவை சுமார் 27,000. தபால் துறையின் எண்ணிக்கைதான் அந்த மனிதரைக் காட்டிக் கொடுத்தது. இன்னொன்றையும் ஒரு தபால்காரனாகச் சொல்கிறேன். அந்தக் கூப்பனுக்குக் கவுண்ட்டரில் ஸ்டாம்ப்தான் கொடுப்பார்கள், காசு கொடுக்க மாட்டார்கள். அத்தனை ஸ்டாம்ப்பை வைத்துக்கொண்டு போன்ஸி என்ன செய்வார்? ஒரு கிளார்க்கைக் கேட்டிருந்தாலே போதும். யாரும் கேட்கவில்லை.

செய்தி பரவியதும் கூட்டம் வாசலில் முண்டியடித்தது. போன்ஸி அவர்களுக்குக் காப்பியும் டோனட்டும் கொடுத்து, கேட்டவர்களுக்குப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். பாதிக் கூட்டம் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. 1920 ஆகஸ்ட் 12-ல் கைதானார். பணம் திரும்பி வந்தது என்பது அந்தத் தொழில் உண்மை என்பதற்கு அத்தாட்சி இல்லை. அடுத்தவன் போட்ட பணம் உங்கள் கைக்கு வந்தது என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி.

இதற்குப் பிறகு எழுபது வருஷத்தை நான் தாண்டிவிடுகிறேன். 1990-களில் தேக்குமரம் வளர்த்துக் கோடீஸ்வரர் ஆக்குவதாகச் சொன்ன அனுபவ் 1998-ல் விழுந்தது. அதே காலத்தில் சென்னையில் நிதி நிறுவனங்கள் வரிசையாக மூடப்பட்டன. அந்த அழுகைக்குப் பதிலாகத்தான் 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. டான்பிட் என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2012-ல் பெருந்துறை சுசி ஈமு. ஒன்றரை லட்சம் கட்டினால் ஆறு ஈமுக் குஞ்சும் மாதம் 6,000 ரூபாயும் என்றார்கள். மரம், கோழி என்று ஏதாவது ஒன்றைத் தொட்டுப் பார்க்கவாவது முடிந்தது. 2008-ல் திருப்பூரில் தொடங்கியதில் அதுவும் இல்லை. நம் பக்கத்தில் இருந்து மழை பொய்த்த வருஷமெல்லாம் பிள்ளைகள் பனியன் கம்பெனி வேலைக்கு பஸ் ஏறிய ஊர் அது. அதனால் அந்தக் கதை இங்கேயும் வீடுகளில் பேசப்பட்டது.

பாசி ஃபாரெக்ஸ் டிரேடிங் என்பது கம்பெனியின் பெயர். வெளிநாட்டு நாணயங்களை ஆன்லைனில் வாங்கி விற்று லாபம் எடுக்கிறோம், அதில் பங்கு தருகிறோம் என்றார்கள். 2008 ஜூலையில் இருந்து 2009 செப்டம்பர் வரை வசூல் நடந்தது. காலத்தைக் கவனியுங்கள். 2008 ஆகஸ்ட் 29-ல்தான் தேசியப் பங்குச் சந்தையில் முதன்முதலாக நாணய வர்த்தகம் சட்டப்படி தொடங்கியது. அதுவும் டாலருக்கும் ரூபாய்க்கும் இடையில் மட்டும். மற்ற நாணயங்கள் 2010-ல்தான் வந்தன. பேப்பரில் நல்ல செய்தி ஒன்று வருகிறது, அதே பெயரை ஒட்டிக்கொண்டு கெட்டது ஒன்று ஊருக்குள் வருகிறது. கூப்பன் லாபம் உண்மையாக இருந்த மாதிரியே ஃபாரெக்ஸ் வியாபாரமும் உண்மையான ஒன்றுதான். அதைப் பாசியில் யாராவது செய்தார்களா என்று சரிபார்க்க இரண்டாவது லெட்ஜர்தான் இல்லை. திருப்பூர் ஏற்றுமதி ஊர், டாலர் அங்கே அன்றாடப் பேச்சு. டாலர் ஏறினாலும் இறங்கினாலும் பனியன் விலை ஆடும் என்று அங்கே டீக்கடைக்காரருக்கும் தெரியும். அதனால்தான் அங்கே அந்தக் கதை எடுபட்டது என்பது என் எண்ணம். நரிக்குடியில் வந்து ஃபாரெக்ஸ் என்று சொல்லியிருந்தால் அன்றைக்குச் சிரித்திருப்போம். ஏமாற்றுகிறவன் நமக்குப் பாதி தெரிந்த விஷயத்தோடுதான் வருவான்.

930 கோடி ரூபாய் வரை போனதாக வழக்கு. முதலில் உள்ளூர்ப் போலீஸ், பிறகு 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் சிபிஐ. கம்பெனி இயக்குநர்களிடம் பணம் பறித்ததாகச் சில காவல்துறை அதிகாரிகள் மீதே சிபிஐ வழக்குப் போட்டது, அது தனிக் கதை. 2022 ஆகஸ்டில் கோவை டான்பிட் நீதிமன்றம் இயக்குநர்கள் மோகன்ராஜ், கமலவல்லி இருவருக்கும் தலா 27 வருஷச் சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. மூன்றாவது இயக்குநர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட்டார். வசூல் நின்றது 2009, தீர்ப்பு 2022. பதின்மூன்று வருஷம். அறுபது வயதில் பணம் போட்டவருக்குத் தீர்ப்பு வரும்போது எழுபத்து மூன்று.

அந்தத் தீர்ப்பு வந்த அதே வருஷத்தில் ஆருத்ரா வெளியே வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள், 2,438 கோடி என்பது பொருளாதாரக் குற்றப் பிரிவின் கணக்கு. மதுரை நியோமேக்ஸ் வழக்கு 2023-ல் பதிவானது. நம் ஊருக்குப் பக்கத்து விஷயம் என்பதால் பலர் என்னிடம் கேட்கிறார்கள். நீதிமன்றத்தில் இருப்பதைப் பற்றித் தீர்ப்புக்கு முன்னால் நான் எழுதுவது முறையில்லை, விட்டுவிடுகிறேன்.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரு ஆபீஸ் இருந்தது. சண்டை போட ஒரு வாசல் இருந்தது. இப்போது வருவதற்கு வாசலே கிடையாது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர். பெயர் வேண்டாம். போன வருஷம் ஒருநாள் காலையில் வந்தார். தபால் ஆபீஸில் போட்டிருக்கும் மாத வருமானத் திட்டத்தை முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டார். மூன்று வருஷத்துக்குள் என்றால் 2 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம் என்றேன். நல்லாப் போய்க்கொண்டிருப்பதை எதற்கு முடிக்கிறீர்கள் என்று கேட்டதும் செல்போனை எடுத்துக் காட்டினார்.

"சார், இதுல பதினாலு லட்சம் நிக்கிது பாருங்க. நான் போட்டது நாலே கால்தான். எடுக்கப் போனா முதல்ல இருபது சதவீதம் வரி கட்டுங்கன்றான். அதைக் கட்டிட்டா மொத்தமும் வந்துரும்."

ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம். பிரபலமான ஒருவர் பேசுவது மாதிரி வீடியோ. அதைத் தொட்டதும் ஒரு வாட்ஸ்அப் குழு. குழுவில் ஒரு 'புரொபசர்', அவருக்கு உதவியாளராக ஒரு பெண். தினம் காலையில் வணக்கம், எந்தப் பங்கு ஏறும் என்று ஒரு குறிப்பு. சாயந்திரம் பத்துப் பேர் "இன்றைக்கு நாற்பதாயிரம் வந்தது, நன்றி ஐயா" என்று படம் போடுவார்கள். குழுவில் நூறு பேர் இருந்தால் தொண்ணூறு பேர் அவர்களுடைய ஆட்கள்தான். பிறகு ஒரு லிங்க், அதில் இருந்து ஒரு ஆப். ஆசிரியர் முதலில் பத்தாயிரம் போட்டு, லாபத்தோடு பதினோராயிரத்து எண்ணூறை வங்கிக்கு எடுத்தும் பார்த்திருக்கிறார். போன்ஸியின் 45 நாள் இங்கே நாலு நாளாகச் சுருங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் பெரிய பணம் போனது. ஐந்து தடவை அனுப்பியிருக்கிறார், ஐந்தும் ஐந்து வேறு வேறு பெயர்களில் இருந்த வங்கிக் கணக்குகளுக்கு. அதில் ஒன்று ஏதோ ஒரு ஜவுளிக் கடையின் பெயர்.

"பங்கு வாங்க ஜவுளிக் கடைக்கு எதுக்கு சார் பணம் அனுப்புனீங்க?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதினாலு லட்சம் எங்கேயும் இல்லை. அது திரையில் தட்டச்சு செய்த எண். இதுவும் பழைய வித்தைதான். அமெரிக்காவில் தந்தி வந்த பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், பக்கெட் ஷாப் என்று கடைகள் முளைத்தன. நாடாவில் பங்கு விலை ஓடும், கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். நீங்கள் பணம் கட்டி இந்தப் பங்கு ஏறும் என்று சொல்ல வேண்டும். உங்கள் ஆர்டர் சந்தைக்குப் போகவே போகாது. கடைக்காரன் பெட்டியிலேயே கிடக்கும். நீங்கள் தோற்றால் அவனுக்கு லாபம். நம் நாட்டில் இதற்கு டப்பா டிரேடிங் என்று பெயர், சட்டவிரோதம். அந்தக் கடைக்காரனாவது நிஜமான விலையைப் பலகையில் எழுதினான். இப்போதைய ஆப்பில் விலையையும் அவனே எழுதுகிறான்.

வரி விஷயமும் பொய். இந்தியாவில் குடியிருக்கிற நமக்குப் பங்கு லாபத்துக்கான வருமான வரியை நாமே வருமான வரித் துறைக்குக் கட்டுகிறோம். எடுப்பதற்கு முன்னால் தன் கணக்கில் தனியாகப் பணம் கட்டச் சொல்லி எந்த புரோக்கரும் கேட்க மாட்டார். என்னைக் கேட்டால் மோசடியை அடையாளம் காண இது ஒன்றே போதும். உங்கள் பணத்தை எடுக்க நீங்கள் இன்னும் பணம் போட வேண்டும் என்றால் அங்கே பணம் இல்லை.

ஆசிரியரை உட்கார வைத்து அங்கிருந்தே 1930 என்ற எண்ணுக்குப் போன் போட்டோம். பணம் அனுப்பிய நாள், நேரம், எண் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முந்தின நாள் அனுப்பிய ஐம்பதாயிரத்தில் ஒரு பகுதியை மட்டும் நிறுத்தி வைக்க முடிந்தது. மற்றவை கைமாறி, கைமாறிப் போய்விட்டன. இதில் நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்குதான். மகனிடம் எப்படிச் சொல்வது என்று அவர் ஒரு வாரம் யோசித்திருந்தால் அந்தப் பகுதியும் கிடைத்திருக்காது. அவருக்கு நான் எந்தப் புத்திமதியும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

அவர் தனி ஆள் இல்லை. 2024-ன் முதல் நான்கு மாதத்தில் மட்டும் இந்த மாதிரி டிரேடிங் மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 1,420 கோடி ரூபாய், புகார்கள் இருபதாயிரத்துக்கு மேல் என்று மத்திய அரசின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் சொன்னது. புகார் கொடுக்க வெட்கப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அந்தப் பக்கம் உட்கார்ந்து "வணக்கம் ஐயா" என்று எழுதுகிறவர் யார் என்பதும் ஒரு சோகம். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப் போய், மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி வேலை செய்யச் சொல்லி அடித்திருக்கிறார்கள். 2022 அக்டோபரில் அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். கம்போடியாவிலும் இதே கதை. நல்ல தமிழில் நம்மிடம் பேசுகிறவன் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த நம் பிள்ளையாகவே இருக்கலாம். அதனால் தமிழில் மரியாதையாகப் பேசினார் என்பதை யாரும் நம்பிக்கைக்குக் காரணமாகச் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் பங்குச் சந்தையே பொய்யா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. 1992-ல் சட்ட அதிகாரம் பெற்ற செபி இருக்கிறது, தேசியப் பங்குச் சந்தை இருக்கிறது. அங்கேயும் நஷ்டம் உண்டு. எஃப் அண்ட் ஓ என்று சொல்கிற வர்த்தகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்தார்கள் என்று செபியே ஆய்வு வெளியிட்டது. நேர்மையான சந்தையிலேயே இந்த நிலை. ஆனால் அங்கே நீங்கள் வாங்கிய பங்கு புரோக்கரின் பெட்டியில் இருக்காது. என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டு டெபாசிட்டரிகளில் ஒன்றில் உங்கள் பெயரில் இருக்கும். வாங்கல் விற்றல் நடந்த மாதத்துக்கு அவர்களிடம் இருந்து நேராக உங்கள் மின்னஞ்சலுக்குக் கணக்குத்தாள் வரும். நான் முன்னால் சொன்ன இரண்டாவது லெட்ஜர் அதுதான். ஆப் பதினாலு லட்சம் காட்டி, டெபாசிட்டரியின் தாள் வரவே இல்லை என்றால் விஷயம் முடிந்தது.

செபி பதிவு எண்ணைக் காட்டினார்களே என்பார்கள். உண்மையான கம்பெனியின் எண்ணைத் திருடிப் போடுவது இவர்களுக்கு ஒரு நிமிஷ வேலை. வெளிநாட்டு நிறுவனக் கணக்கு வழியாகக் குறைந்த விலையில் பங்கு வாங்கித் தருகிறோம் என்ற புளுகைப் பற்றி 2024 பிப்ரவரியிலேயே செபி எச்சரித்தது. இங்கே வசிக்கிற சாதாரண ஆட்களுக்கு அந்த வழியே கிடையாது. எண்ணைப் பார்ப்பதைவிடப் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 2025 அக்டோபர் முதல் செபியில் பதிவு பெற்ற புரோக்கர்களுக்கென்று தனி யுபிஐ முகவரி வந்துவிட்டது. அட் குறிக்கு அடுத்து 'வேலிட்' என்ற சொல்லும் வங்கியின் பெயரும் வரும். பணம் அனுப்பும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் வெள்ளைக் கட்டைவிரல் தெரியும். செபியின் சாரதி ஆப்பில் அந்த முகவரியையும் வங்கிக் கணக்கையும் போட்டுச் சரிபார்க்கலாம். ஃபாரெக்ஸ் என்று யாராவது வந்தால், அனுமதி இல்லாத தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் இருந்து வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே நல்லவன் என்று ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இழந்தவர்களைத் தேடி இரண்டாவது கூட்டம் ஒன்று வரும். "நாங்கள் சைபர் வக்கீல்கள், போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் ஐயாயிரம் அனுப்புங்கள்" என்பார்கள். ஆசிரியருக்கு மூன்றாம் வாரமே வந்துவிட்டது. அவருடைய எண்ணை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் வேலை தேடும் பிள்ளைகள் இருப்பார்கள். வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் சிம் கார்டையும் கொடுத்தால் மாதம் சில ஆயிரம் கமிஷன் என்று கேட்டு வருகிறார்கள். ஆசிரியரின் பணம் போன ஐந்து கணக்குகளும் இப்படி வாடகைக்குப் போனவையாகத்தான் இருக்கும். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் போலீஸ் வரும், எந்த மாநிலத்தில் புகார் ஆனாலும். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

யாருக்காவது இந்த மாதிரி குழுவிலோ ஆப்பிலோ சந்தேகம் இருந்தால் செல்போனை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். காலை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். செவ்வாய்க்கிழமை மட்டும் அருப்புக்கோட்டை போய்விடுவேன்.